பச்சை நூல் கட்டிய பாட்டில்

என் நாக்கு மரத்துப்போன அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. யார் கேட்டாலும் இதிலிருந்துதான் நான் சொல்லத் தொடங்குவேன். நடுவில் யாராவது "ஐயோ பாவம்" என்றால் அத்தோடு நிறுத்திவிடுவேன். பாவம் பார்க்கச் சொல்லியா இதைச் சொல்கிறேன்?

என் பெயர் அய்யம்மாள். ஊர் சிலமலை. போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டத்தில் இருபது வருஷம் காய் எடுத்தவள். ஆனால் மலையில் ஆட்கள் என்னைத் தேடி வந்தது வேறு காரியத்துக்கு. கண்ணில் தூசி விழுந்தால் நாக்கால் எடுப்பேன். சிரிக்காதீர்கள். இமையை இரண்டு விரலால் பிரித்து, நாக்கு நுனியை விழி மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளே கிடப்பது மணலா, உமியா, ஏலச்செடியின் காய்ந்த இலைத் தோகைத் துணுக்கா என்று சொல்லிவிடுவேன். வெற்றிலை போட மாட்டேன். மிளகாய் கடித்த நாளில் எவர் கண்ணையும் தொட மாட்டேன். எனக்கு வாய் நீளம் என்று லயத்து வரிசைவீட்டுக்காரிகள் எல்லாரும் ஏசுவார்கள். கண் உறுத்தினால் அதே வாயைத் தேடித்தான் ஓடி வருவார்கள்.

ஏலக்காய்ச் சரம் செடியின் அடியில் தரையோடு கிடக்கும். குனிந்து தலையைப் புதருக்குள் விட்டால்தான் கைக்கு எட்டும். காய்ந்த தோகை நுனி கண்ணில் குத்துவது காய் எடுக்கிற காலத்தில் அன்றாடச் சங்கதி. அப்படிக் குத்தியவர்களில் சிலருக்கு மூன்றாம் நாள் கருவிழியில் வெள்ளைப் புள்ளி விழும். புள்ளி புண்ணாகும். சிலருக்கு ஆறும். சிலருக்குக் கண்ணே போகும்.

ஐம்பத்தாறாம் வருஷம் ஆவணியில் ஒரு கண் டாக்டர் வரத் தொடங்கினார். போடியிலிருந்து புதன்கிழமைதோறும் ஜீப்பில் மலையேறி, தகரக்கூரை போட்ட எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். சின்ன வயசுதான். முதல் புதன்கிழமையே என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"கண்ணுல நாக்கப் போடுறது நீதானா?"

"ஆமாங்கய்யா."

"ஒன் எச்சிலாலயே பாதிப் பேருக்குப் புண்ணு வருது, தெரியுமா?"

எனக்குச் சுரீரென்று ஏறிவிட்டது. "இருபது வருசமா எத்தன கண்ணுல தூசி எடுத்திருக்கேன். நீங்க எத்தன எடுத்தீக?"

கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால் அவர் சிரித்துவிட்டார். கண் உறுத்துகிறவர்கள் முதலில் என்னிடம்தான் வருவார்கள் என்பதை யாரோ சொல்லியிருக்க வேண்டும். "இனிமே நாக்கப் போடாத. ஆளக் கூட்டிட்டு இங்க வா. நான் இல்லாத ஆறு நாளும் நீயே அவுகளப் பாத்துக்க" என்றார். தோட்டத்தில் குனிந்து குனிந்து என் இடுப்பு விட்டுப்போயிருந்தது. சரி என்றேன்.

அவர் ஒரு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மறைக்காமல் எனக்கும் விளக்கினார், அந்த மட்டுக்கும் நல்ல மனுஷன்தான். "ஒடம்புல தடிப்பு, அரிப்பு, விடாத தும்மலு, இதுக்கெல்லாம் குடுக்குற மருந்து ஒண்ணு இருக்கு. ஆன்டிஹிஸ்டமின்னு பேரு. அதக் கண்ணுல விட்டா புண்ணச் சுத்தி இருக்குற வீக்கம் வத்தி, புண்ணு வெரசா ஆறுமான்னு பாக்கணும். ஆறுமா ஆறாதான்னு எனக்கே தெரியாது. அதுக்குத்தான் ரெண்டு பாட்டிலு."

ஒன்றின் கழுத்தில் பச்சை நூல், இன்னொன்றில் கறுப்பு நூல். ஒன்றில் மருந்து, மற்றதில் உப்புத்தண்ணீர். எதில் எது என்று அவருக்கு மட்டும் தெரியும். எல்லாருக்கும் வழக்கமான களிம்பும் கண்கட்டும் உண்டு. அதற்கு மேல், ஆளுக்கொரு பாட்டிலாக, முதலில் வருகிறவருக்குப் பச்சை நூல், அடுத்தவருக்குக் கறுப்பு நூல் என்று வரிசை தப்பாமல் கொடுக்க வேண்டும். கட்டை அவிழ்க்காமல் பத்து நாள் படுத்திருக்க வேண்டும். சொட்டு விடும்போது மட்டும் நான் கட்டை விலக்கிவிட்டு மறுபடி கட்ட வேண்டும். இவ்வளவுதான் என் சோலி.

"உப்புத்தண்ணிக்கு எதுக்குய்யா இம்புட்டு ஜோடனை?"

"ஒப்பிட்டுப் பாக்க வேண்டாமா?"

எனக்கு மனசு ஆறவில்லை. கண் போகப்போகுது என்று வந்து நிற்கிறவளை உப்புத்தண்ணீரை விட்டு ஏமாற்றுவதா? இது என்ன அநியாயம்! அவர் ஜீப் வளைவு திரும்பியதும் இரண்டு பாட்டிலையும் திறந்தேன். கண்ணுக்குள் கிடக்கிற துணுக்கையே நாக்கால் இனம் காண்கிறவளுக்கு இது ஒரு பெரிய காரியமா? கறுப்பு நூல் பாட்டிலில் ஒரு சொட்டு. உப்புக் கரித்தது. பச்சை நூல் பாட்டிலில் ஒரு சொட்டு. வேப்பங்கொழுந்தை அரைத்து அப்பியது போலக் கசப்பு. கொஞ்ச நேரத்தில் நாக்கு நுனி காணாமல் போனது. பல்லால் கடித்தேன், கடிப்பது தெரியவில்லை. அடேயப்பா, என்ன வேகம், இதுதான் மருந்து என்று பூரித்துப்போனேன். அந்தப் பூரிப்பிலேயே சுடச்சுட ஒரு கிளாஸ் சாயா குடித்தேன். நாக்கு வெந்து தோலுரிந்திருந்ததைச் சாயங்காலம்தான் கண்டேன்.

அப்போதாவது உறைத்ததா? இல்லை.

அடுத்த வாரமே என் பெரியப்பா மகள் ராக்கு கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தாள். வரிசைப்படி அவளுக்குக் கறுப்பு நூல். அவளுக்கு முந்தி வந்தவள் கம்பத்துப் பக்கத்து ஆள். கூடப் பிறந்தவள் மாதிரி இருக்கிறவளுக்கு உப்புத்தண்ணீரும் எவளோ ஒருத்திக்கு மருந்துமா? நூலை அவிழ்த்தேன், மாற்றிக் கட்டினேன். டாக்டர் வந்து பார்த்தால் அவரவர் தலைமாட்டில் அவரவர் நூல் இருக்கும். ராக்கு கண்ணில் கசப்பை விட்டேன். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவள் எழுந்து உட்கார்ந்து, "எக்கா, வலி போன எடமே தெரியல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலாம் நாள் கட்டை உருவி எறிந்துவிட்டுக் காய் எடுக்கப் போய்விட்டாள். கம்பத்துக்காரி வலி தாளாமல் பத்து நாளும் வராந்தாவில் சுருண்டு கிடந்தாள்.

பிறகு ராக்கு கண்ணில் பூ விழுந்தது. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர்ப் புகையில் நின்றாள், சொன்ன பேச்சுக் கேட்காமல் வெளியே அலைந்தாள் என்று அவளையே திட்டினேன். இன்னும் இரண்டு சிலமலை ஆட்களுக்கும் அப்படியே நூலை மாற்றிக் கட்டினேன். ஒருத்திக்கு ஆறியது. இன்னொருத்தி ஊருக்கு இறங்கிப் போனவள் திரும்பவில்லை. திரும்பாதவளுக்குக் கண் சரியாகியிருக்கும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

ஐப்பசியில் என் மகள் பேச்சிக்குக் கண்ணில் குத்தியது.

பேச்சி எனக்கு ஒரே பிள்ளை. பத்தொன்பது வயசு. மூன்று வயசில் பெரியம்மை வந்து அவள் இடது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. மிச்சம் வலது கண் ஒன்றுதான். அந்தக் கண்ணில்தான் தோகை குத்தியது. கங்காணி வீரணன் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தான். டாக்டர் சொன்னதெல்லாம் காற்றில் போனது. இமையைப் பிரித்து நாக்கைப் போட்டேன். துணுக்கு வந்தது. மூன்றாம் நாள் வெள்ளைப் புள்ளியும் வந்தது. அது என் எச்சிலால் வந்ததா, தோகையால் வந்ததா என்று இன்றுவரை தெரியாது.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. அவளுக்குச் சற்று முந்தித்தான் சுருளியம்மாள் அதே மாதிரிப் புண்ணோடு வந்து பாய் விரித்திருந்தாள். அவளுக்கும் எனக்கும் குழாயடியில் ஆகாது. முந்தின மாதம்தான் என் குடத்தைக் காலால் எத்தியிருந்தாள். வரிசைப்படி அவளுக்குப் பச்சை, என் மகளுக்குக் கறுப்பு. கொஞ்சம் யோசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். யோசிக்கவே இல்லை. நூலை மாற்றிக் கட்டிவிட்டு, என் பிள்ளை கண்ணில் கசப்பை விட்டேன்.

மறுநாள் டாக்டர் வந்தார். இரண்டு பேர் கண்ணிலும் லைட் அடித்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரிச் சின்னப் புண்ணுதான். கட்ட மட்டும் அவுக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்று சாயங்காலம் மழை பிடித்தது.

சுருளியம்மாள் ராவும் பகலும் அலறினாள். "அடி அய்யம்மா, கண்ணுக்குள்ள கங்கு கெடக்குடி, எதாச்சும் பண்ணுடி!" கட்டின் மேல் கையை வைத்தபடி புரண்டாள். கட்டை அவிழ்க்கிற தைரியம் அவளுக்கு இல்லை. வெளிச்சம் பட்டாலே உயிர் போனது அவளுக்கு. பக்கத்துப் பாயில் என் மகள் அமைதியாகப் படுத்திருந்தாள். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு பெருமை தெரியுமா? கறுப்பு நூலைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வந்தது.

ஆனால் ஒரு கண்காரிக்கு அந்தக் கண்ணையும் கட்டிவிட்டால் என்ன மிஞ்சும்? மூன்றாம் நாள் பேச்சி அழுதாள்.

"ஆத்தா, இருட்டு பயமா இருக்கு. கட்ட அவுத்து விடு ஆத்தா."

"டாக்டரு வையுவாருடி."

"வலியே இல்லையே. ஆறிப்போன கண்ண எதுக்குக் கட்டி வைக்கணும்?"

எனக்கும் அதுதான் பட்டது. வலி நின்றால் புண் ஆறியது என்றுதானே நாங்கள் கண்ட கணக்கு. கட்டை அவிழ்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். மறுநாள் வீரணன் வந்து, கீழ்ச்சரிவில் காய் பழுத்து உதிருகிறது, ஆள் பத்தாது என்றான். பேச்சி எழுந்து சாக்குக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு அவனோடு நடந்தாள். நான் தடுக்கவில்லை. வேளாவேளைக்குப் புதருக்கே போய், மழையில் நின்றபடி சொட்டு விட்டேன்.

செவ்வாய்க்கிழமை போடிமெட்டு வளைவில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. புதன்கிழமை ஜீப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மழை விட்டது. பத்து நாளைக்கப்புறம் சுள்ளென்று வெயில். எதிர்மலையில் மாடு மேய்வது தெரிந்தது, அவ்வளவு தெளிவு. சொட்டுப் பாட்டிலோடு சரிவில் இறங்கினேன். பேச்சி புதர் ஓரம் நின்றிருந்தாள். கையிலிருந்த காயைக் கூடைக்கு வெளியே போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு, ஆத்தாவா?" என்றாள்.

"நாந்தேன். என்னடி, எதுத்தாப்புல நிக்கிறேன், யாருங்கிற?"

"மஞ்சு எறங்கிருச்சுல்ல ஆத்தா, ஒண்ணும் தெரியல. காலையில இருந்து ஒரே மூட்டமா கெடக்கு."

வெயில் அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பினேன். கருவிழி முழுக்க வெளுத்திருந்தது. அதன் அடியில் தயிர் படிந்த மாதிரி மஞ்சளாகச் சீழ் தேங்கி நின்றது.

"வலிக்குதாடி?"

"இல்லயே ஆத்தா."

"கொஞ்சங்கூடவா?"

"இல்லைங்கிறேன்ல. எதுக்கு இப்பிடிக் கேக்குற?"

அவளை முதுகில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஏறினேன். சரிந்த மண்ணை நடந்தே தாண்டி, அந்தப் பக்கம் நின்ற லோடு லாரியில் ஏறி, பொழுது சாய்வதற்குள் போடியில் டாக்டர் வாசலில் கொண்டுபோய் உட்காரவைத்தேன். அவர் லைட் அடித்துப் பார்த்தார். அன்றிலிருந்து எட்டு நாள் ஊசி போட்டார், ராத்தூக்கம் இல்லாமல் பக்கத்தில் இருந்தார், அதையும் சொல்ல வேண்டும். கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வெளிச்சம் வருதா போகுதான்னு தெரியும் அய்யம்மா. அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது." பிறகு தன் குறிப்பைப் புரட்டினார். "கறுப்பு நூலு. பாவம், இவளுக்கு வெறும் உப்புத்தண்ணிதான் வாய்ச்சிருக்கு. மருந்து பாட்டிலு கெடச்சிருந்தா ஒருவேள தப்பிச்சிருக்கும்."

தரை இரண்டாகப் பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா! வாயைத் திறந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சி படுத்திருந்தாள். இங்கே பேசினால் அங்கே கேட்கும். வாயை மூடிக்கொண்டேன்.

மலைக்குத் திரும்பிய அன்றே சுருளியம்மாள் வந்தாள். அவள் கண் ஆறியிருந்தது. ஓரத்தில் சின்னதாக ஒரு தழும்பு, அவ்வளவுதான். ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தை என் மடியில் வைத்தாள். "ஒன்னய எவ்வளவு ஏசியிருப்பேன். ஒன் கையால விட்ட மருந்துதேன்டி என் கண்ணத் தந்துச்சு. ஒன் புள்ளைக்கி இப்பிடி ஆகிப்போச்சேன்னு எனக்குச் சோறு எறங்கல" என்று சொல்லி என் தோளில் சாய்ந்து அழுதாள். அந்தப் பழத்தை நான் தின்னவும் இல்லை, எறியவும் இல்லை. மூலையிலேயே கறுத்து அழுகியது.

பேச்சி என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் என்னைத் தின்றது. "என் தலைக்கு உப்புத்தண்ணி வந்துச்சு, நீ என்ன ஆத்தா செய்வ?" என்பாள். சுவரைத் தடவி அடுப்படிக்குப் போகப் பழகிக்கொண்டாள். வெயிலடிக்கும் நாளிலும், "இன்னைக்கி மஞ்சா?" என்று கேட்பதை மட்டும் விடவில்லை.

கார்த்திகைக் கடைசியில் ரோடு சரியானது. புதன்கிழமை காலையில் டாக்டரின் ஜீப்பு வந்தது. பின்னால் இரண்டு மரப்பெட்டி. வீரணனும் இன்னொரு ஆளும் இறக்கி வராந்தாவில் வைத்தார்கள். மூடியைத் திறந்தால் வைக்கோலுக்குள் வரிசை வரிசையாகச் சின்னப் பாட்டில்கள். எல்லாவற்றின் கழுத்திலும் பச்சை நூல்.

டாக்டர் முகத்தில் அப்படி ஒரு களை. "அய்யம்மா, முடிவு தெரிஞ்சுபோச்சு. பச்ச நூலு ஆறு பேர்ல அஞ்சு பேருக்கு ஆறிருச்சு. கறுப்பு நூலு ஆறு பேர்ல ரெண்டே பேருக்குத்தான். மெட்ராசுக்கு எழுதப்போறேன். அதுக்கு முன்னாடி இந்தச் சரிவுல இருக்குற எல்லா எஸ்டேட்டுக்கும் ஒவ்வொரு பெட்டி. இனிமே உப்புத்தண்ணியே கெடையாது. எல்லாருக்கும் மருந்து."

வெளியே பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். சுருளியம்மாள் எல்லாருக்கும் தன் கண்ணைக் காட்டிக்கொண்டிருந்தாள். கண்ணைப் பொத்திக்கொண்டு புதிதாக ஒருத்தி வந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் பிள்ளையோடு. அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. டாக்டர் ஒரு பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்து, "மொதல்ல இவளுக்கு விடு" என்றார்.

மூடியைத் திறந்தேன். அவள் கண்ணுக்குக் கொண்டுபோகாமல் டாக்டர் பக்கம் திரும்பினேன்.

"அய்யா, நாக்க நீட்டுங்க."

"என்னது?"

"நீட்டுங்கங்கிறேன்ல!"

கத்தியே விட்டேன். மனுஷன் பயந்தாரோ என்னவோ, நீட்டினார். ஒரு சொட்டு விட்டேன். முகம் கோணியது. "கசக்குது. மருந்துன்னா கசக்கத்தான் செய்யும்" என்றார்.

"பொறுங்க. இப்பக் கடிச்சுப் பாருங்க."

கடித்தார். மறுபடி அழுத்திக் கடித்தார். கையை வாய்க்குக் கொண்டுபோய் நாக்கைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு விளங்க மூன்று மாசமும் என் பிள்ளையின் கண்ணும் ஆனது. அவருக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது.

"மரக்குது" என்றார். வார்த்தை குழறியது.

"அந்த மரமரப்புலதான் வலி தெரியாம எந்திரிச்சுப் போனாளுக. கட்ட அவுத்துட்டுப் போனாளுக. உப்புத்தண்ணிக்காரிக வலி தாங்காம படுத்தே கெடந்தாளுக, பொழச்சாளுக. நூல நான் மாத்திக் கட்டிட்டேன் அய்யா. வேண்டியவளுக்குக் கசப்பு, வேண்டாதவளுக்கு உப்புன்னு நாலு பேருக்கு மாத்திக் கட்டுனேன். ஒங்க நோட்டுல இருக்குறது அம்புட்டும் தலைகீழு."

டாக்டர் பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சுருளியம்மாள் தன் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எனக்கு அவர்கள் இரண்டு பேரையும் பார்க்க நேரமில்லை. பேச்சி சுவரைப் பிடித்தபடி வாசற்படியில் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"ஆத்தா" என்றாள். "அந்தப் பாட்டிலக் கொண்டா."

"வேணாம் தாயி."

"கொண்டாங்கிறேன்."

கையில் வைத்தேன். அவள் விரலால் மூடியைத் தேடித் திறந்து, தலையை அண்ணாந்து, நாக்கில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டாள். உதட்டைக் கூட்டிக்கொண்டு நின்றாள். பிறகு பல்லால் நாக்கை மெல்லக் கடித்துப் பார்த்தாள்.

"ஆமா ஆத்தா" என்றாள். "கண்ணும் இப்பிடித்தேன் இருந்துச்சு."